எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுப்போம்

போன வருஷம் ஆகஸ்ட் மாதம். மதியச் சாப்பாடு முடிந்த பீரியட். பதினோராம் வகுப்புக்குள் நான் நுழையும்போது இரண்டு பேர் நின்றுகொண்டே கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாலிபால் அணிப் பையன். இன்னொருத்தி முதல் பெஞ்சு மாணவி. அம்மா பீடி சுற்றிக் கொண்டுவரும் கூலியில் படிக்கிறவள்.

சண்டை பி.இ.டி. என்னும் விளையாட்டுப் பீரியடைப் பற்றியது. வாரத்துக்கு இரண்டு முறை வரும் அந்தப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொள்வது வழக்கமாகியிருந்தது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கும் வாங்கியிருந்தார்கள்.

“உங்களுக்கெல்லாம் மார்க்கு மட்டும்தான் ஸ்கூலு. வேற எதுவும் கண்ணுல படாது.”

“நீங்க பந்தடிச்சிட்டு ஃபெயிலாகிட்டுப் போங்க. எங்களை ஏன் கெடுக்கீங்க?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் கை தட்டியது. வழக்கமாக இந்த இடத்தில் நான் சொல்வது ஒரே வாக்கியம்: “ரெண்டு பேரும் உட்காருங்க. எதிர்த்து எதிர்த்துப் பேசிக்கிட்டு!” அன்று அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, அதற்குப் பிறகு அந்த வகுப்பில் என்ன செய்தோம் என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். ஆசிரியர்களும் பெற்றோரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஒரு வாக்கியம் செய்யும் வேலை

“எதிர்த்துப் பேசாதே.” நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்டு வளரும் வாக்கியங்களில் இது முக்கியமானது. ஒருவர் சொன்ன கருத்தை மறுப்பதும், அந்த மனிதரை மதிக்காமல் நடப்பதும் இரண்டு வேறு காரியங்கள். இந்த வாக்கியம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. அப்பாவிடம் “எனக்கு அப்படித் தோணலப்பா” என்று சொன்னாலும் எதிர்த்துப் பேசியது. கதவை அடித்துச் சாத்தினாலும் எதிர்த்துப் பேசியது. பெண் பிள்ளை என்றால் கூடுதலாக ‘வாயாடி’ என்ற பட்டமும் உண்டு.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு செய்யுளுக்கு ஆசிரியர் பொருள் சொன்னார். எழுந்து நின்று, “இதுக்கு இப்படியும் பொருள் சொல்லலாமா சார்?” என்று கேட்டேன். எதிர்த்துப் பேசியதாக எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். அந்த வராந்தாவின் சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல் இருந்தது. மணி அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு கல்லூரி முடியும்வரை எந்த வகுப்பிலும் நான் கேள்வி கேட்டதில்லை. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவரும் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருப்பார். நானும் தமிழாசிரியை ஆகி, பத்து வருஷம் அதே வாக்கியத்தை என் மாணவர்களிடம் சொன்னேன்.

இப்படி வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு வழிதான் தெரியும். பெரியவர்கள் முன்னால் வாயை மூடிக்கொள்வார்கள், தங்களுக்குள் கத்துவார்கள். நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருப்பதை நாம் காட்டிக்கொடுக்கவே இல்லை.

பேசச் சொல்லிக்கொடுத்தோம், கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை

“நாங்கள் பேச்சுப்போட்டி நடத்துகிறோமே, பட்டிமன்றம் வைக்கிறோமே” என்று ஆசிரியர்கள் கேட்பீர்கள். நானும் பதினான்கு வருஷமாகப் பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். நான் எழுதிக் கொடுப்பேன், அவர்கள் மனப்பாடம் செய்வார்கள், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பேன். கேடயங்கள் வந்தன. ஒருமுறை மாவட்டப் போட்டியில் என் மாணவி பேசி முடித்ததும் நடுவர் ஒரு கேள்வி கேட்டார். அன்பான, சின்னக் கேள்வி. அவள் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, “அவையோர்க்கு வணக்கம்” என்று தன் பேச்சின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள். அவள் மேல் ஒரு தவறும் இல்லை. பதில் சொல்ல நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

பட்டிமன்றத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. குன்றக்குடி அடிகளார் காலத்திலிருந்து அது தமிழர்களுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்த மேடை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சாலமன் பாப்பையா தீர்ப்புச் சொல்வதைக் கேட்டுத்தான் என் மாணவர்களும் வளர்ந்திருக்கிறார்கள். ஆனால் பட்டிமன்றத்தில் பேச்சாளர் தன் அணியை விட்டு நகர மாட்டார், நகரவும் கூடாது. எதிரணி சொன்னது சரி என்று நடுவில் ஒருவர் ஒத்துக்கொண்டால் நிகழ்ச்சியே முடிந்துவிடும். வாழ்க்கையில் நமக்குத் தேவைப்படுவது அந்த நடுவில் ஒத்துக்கொள்ளும் இடம்தான்.

‘பட்டிமண்டபம்’ என்ற சொல் மணிமேகலையின் முதல் காதையிலேயே வருகிறது. புகார் நகரத்தில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கிறவன், பல சமயங்களைச் சேர்ந்த வாதிகளும் பட்டிமண்டபத்தின் முறை அறிந்து ஏறுங்கள் என்கிறான். அதோடு நிறுத்தவில்லை. உங்களோடு ஒத்துப்போகாத பகைவர்களே ஆனாலும் அவர்களிடம் கோபமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறான். வாதத்துக்கு அழைப்பும், சண்டை வேண்டாம் என்ற கட்டளையும் ஒரே அறிவிப்பில் வருகின்றன. அதே நூலில் பின்னால் மணிமேகலை வஞ்சி நகரத்துக்குப் போய், வேதவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், பூதவாதி என்று வரிசையாகப் பலரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில் அவள் தேர்ந்துகொள்வது பௌத்தத்தைத்தான். ஆனாலும் எல்லோரையும் முழுதாகக் கேட்ட பிறகே அங்கே போய்ச் சேர்கிறாள். நாம் மேடையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் காதுகளை விட்டுவிட்டோம்.

“ஆமா, அதைத்தான் சொன்னேன்”

இப்போது அந்த ஆகஸ்ட் மதியத்துக்கு வருகிறேன்.

நான் வாலிபால் பையனிடம் சொன்னேன்: “நீ பதில் சொல்லலாம். அதுக்கு முன்னால ஒரு வேலை. அவ என்ன சொல்லுதான்னு நீ சொல்லு. அவ ‘ஆமா, அதைத்தான் சொன்னேன்’னு ஒத்துக்கிட்டா, அதுக்கப்புறம் நீ மறுத்துப் பேசு.”

சுலபம் என்று நினைத்தான். “அவளுக்கு விளையாட்டுப் பிடிக்காது டீச்சர். அதான் சொல்லுதா.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லை.”

“சரி, கணக்குல நிறைய மார்க் எடுக்கணும்னு சொல்லுதா.”

“அது பாதிதான்.”

அவன் எரிச்சலோடு கேட்டான்: “அப்ப மீதி என்ன?”

அதுவரை அந்தச் சண்டையில் யாரும் யாரையும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. இதுதான் முதல் கேள்வி. எரிச்சலில் வந்ததுதான், ஆனாலும் கேள்வி. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டெஸ்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “உங்க தெருவுல டியூசன் இருக்கு. எங்க ஊருல இல்ல. வீட்டுக்குப் போனா ராத்திரி வரைக்கும் அம்மாகூட இலை வெட்டணும். எனக்குக் கணக்கு நடக்கது இங்க மட்டும்தான்.”

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் குரல் இறங்கி, மூன்றாவது முறை சொன்னான்: “வீட்டுல அவளுக்குப் படிக்க நேரம் இல்ல, சொல்லித்தர ஆளும் இல்ல. இங்க கிடைக்க பீரியட விட்டா வேற எங்கயும் கிடைக்காது.”

“ஆமா. அதைத்தான் சொன்னேன்.”

பிறகு அவள் முறை. “உனக்கு விளையாட ஆசை” என்றாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். “ஆசைன்னு சொல்லாத. குறுவட்டப் போட்டி வருது. நான் யாருன்னு இந்த ஸ்கூல்ல தெரியுதது கிரவுண்டுல மட்டும்தான். கிளாசுல நான் இருக்கேனா இல்லையான்னுகூட யாரும் பாக்க மாட்டாங்க.” அவள் திருப்பிச் சொன்னாள்: “கிளாசுல உன்ன யாரும் கணக்குல எடுக்கல. கிரவுண்டுல எடுக்காங்க.” அவனால் ‘ஆமா’ என்று சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் அசைத்தான்.

ஆசிரியையான எனக்கும் அதில் பங்கு இருந்தது. அவனைக் கணக்கில் எடுக்காதவர்களில் நானும் ஒருத்தி.

இருவரும் அன்று ஒத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒத்துப்போகவில்லை. ஆனால் சண்டையின் பொருள் மாறிவிட்டது. ‘மார்க்கா, விளையாட்டா’ என்று நின்றது, ‘கணக்குக்குக் கூடுதல் நேரம் எங்கிருந்து எடுப்பது’ என்று மாறியது. முதல் கேள்விக்கு விடையே கிடையாது. இரண்டாவது கேள்விக்கு வகுப்பின் ஐம்பத்திரண்டு பேரும் விடை தேடலாம். பள்ளி விடுவது 4.20-க்கு. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு பஸ் 5.10-க்கு. நடுவில் உள்ள நேரம் பஸ் ஸ்டாப்பில் போகிறது என்பதை ஒரு வெளியூர் மாணவிதான் எடுத்துச் சொன்னாள். பிள்ளைகளே தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வாரம் இரண்டு நாள் சாயங்காலம் கணக்கு வகுப்பு. இரண்டு பி.இ.டி. பீரியடில் ஒன்றை யாரும் தொடக்கூடாது. இன்னொன்று தேர்வு நேரத்தில் இன்றும் கணக்குக்குப் போகிறது. அது சரி என்று அவள் சொல்கிறாள், தவறு என்று அவன் சொல்கிறான். இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை. அடுத்த மாதம் அவன் கணக்குப் பரீட்சையில் தேறினானா என்று அவள் போய்க் கேட்டாள். எனக்கு அது போதும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது

நான் கண்டுபிடித்ததில்லை. கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1951-ல் ஓர் உரையில் இதைச் சொன்னார். வாக்குவாதம் சூடாகும்போது ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பேசியவரின் கருத்தையும் உணர்வையும் அவரே திருப்தியடையும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தவர் தன் பக்கத்தைப் பேசலாம் என்றார்.

படித்தபோது எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் பாயிரத்தில் நூலாசிரியர் கொள்ளும் மதம் ஏழு என்று ஒரு பட்டியல் தருகிறார். மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் கருத்துக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று. மூன்றாவதாக அவர் வைத்திருப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பேசி, அதன் பிறகு அதைக் களைவது. தன் கருத்தை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் துணிவது, பிறர் நூலின் குற்றம் காட்டுவது, எதிலும் சேராமல் தன் கருத்தில் நிற்பது என்று மற்றவை போகும். கருத்து வேறுபாட்டில் ஒரு மனிதன் நிற்கக்கூடிய இடங்களை நம் இலக்கணம் எண்ணி வைத்திருக்கிறது. நான் இதை எத்தனையோ வருஷம் மனப்பாடப் பகுதியாக நடத்தினேன். இப்போது கரும்பலகையில் ஏழையும் எழுதிப்போட்டு, “இப்ப நீ எந்த இடத்துல நிக்கே?” என்று கேட்கிறேன். பேசுகிற பிள்ளை தானே பார்த்துச் சொல்கிறது: “நான் மறுக்க மட்டும்தான் செய்தேன் டீச்சர். என் கருத்தை நாட்டல.”

இன்னொரு சொல்லும் கைகொடுத்தது: விதண்டாவாதம். வீட்டில் எல்லோரும் வாங்கும் திட்டு இது. கௌதமரின் நியாய சூத்திரத்தில் வாதத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். உண்மையைத் தெரிந்துகொள்ள இருவரும் சேர்ந்து செய்வது வாதம். எப்படியாவது ஜெயிக்கச் செய்வது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடு இல்லாமல், எதிராளி சொல்வதை உடைப்பதை மட்டுமே வேலையாகக் கொண்டது விதண்டை. இதைச் சொன்ன நாளில் ஒரு மாணவன் எழுந்து, “அப்ப எங்க அப்பா என்னைத் திட்டுதது தப்பு டீச்சர். எனக்கு நிலைப்பாடு இருக்கு” என்றான். சரியாகத்தான் சொன்னான். பிள்ளைகள் தாங்கள் செய்வது மூன்றில் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நாலு பேர், ஒரு தாள்

ஒவ்வொரு சண்டைக்கும் காத்திருக்க முடியாது. அதனால் மாதம் ஒருமுறை இதை ஒரு பயிற்சியாகவே செய்கிறோம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜான்சன், ராஜர் ஜான்சன் என்ற சகோதரர்கள் உருவாக்கிய முறை இது. 1970-களிலிருந்து அவர்கள் இதில் வேலை செய்திருக்கிறார்கள். எங்கள் வகுப்புக்கு ஏற்றபடி செய்வதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

ஐம்பத்திரண்டு பேர் என்றால் பதின்மூன்று குழு. ஒரு குழுவுக்கு நாலு பேர். இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். எந்தப் பக்கம் என்பதை நான்தான் கொடுப்பேன். முதல் பீரியடில் பத்து நிமிஷம் இருவராகத் தயார் செய்வார்கள். ஒரு ஜோடி மூன்று நிமிஷம் பேசும்போது மறு ஜோடி குறுக்கே பேசாமல் குறிப்பு எழுத வேண்டும். பிறகு கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆமா’ வாங்கிய பிறகு மறு ஜோடி பேசும் முறை. மறுநாள் பீரியடில் இரண்டு ஜோடியும் இடம் மாறி உட்கார்ந்து, நேற்று எதிர்த்த பக்கத்துக்காக இன்று வாதாட வேண்டும். நேற்று எதிரணி சொல்லாத ஒரு புதுக் காரணமாவது சேர்க்க வேண்டும் என்பது நான் வைத்த விதி. கடைசியில் இரண்டு பக்கத்தையும் கீழே போட்டுவிட்டு, நாலு பேரும் ஒரே தாளில் இரண்டு விஷயம் எழுதுவார்கள். நால்வரும் ஒத்துக்கொள்வது எது? இன்னும் ஒத்துக்கொள்ளாதது எது?

அந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் பிள்ளைகள் டீச்சருக்குப் பிடிக்கும் என்று பொய்யாக ஒத்துப்போவார்கள். ஆரம்பத்தில் என் வகுப்பில் அதுதான் நடந்தது. நல்ல பிள்ளைகள் குழுவில் எல்லாவற்றுக்கும் தலையாட்டல், மற்ற குழுக்களில் சண்டை. தலையாட்டுவதும் உரையாடல் ஆகாது.

தலைப்பு தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது 1989-ல். அதை 16 ஆக்கலாமா என்பது நன்றாக ஓடியது. அதைவிட நன்றாக ஓடியது எங்கள் ஆற்றைப் பற்றியது. பாபநாசத்தில் பரிகாரம் செய்கிறவர்கள் உடுத்திய துணியைத் தாமிரபரணியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. அதைத் தடை செய்யலாமா? ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று கொதித்துப் பேசிய ஒரு பையன், இடம் மாறி உட்கார்ந்தபோது அமைதியாகிவிட்டான். பிறகு சொன்னான்: “எங்க தாத்தா செத்தப்ப ஆச்சி அங்கதான் துணிய விட்டா. அதோட அழுகைய நிறுத்தினா. துணிய வேற எங்க விடன்னு யாரும் அவளுக்குச் சொல்லல.” அந்தக் குழுவின் தாளில் ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தது: கரையில் துணி போட ஒரு தொட்டி, அதைத் தினமும் எடுக்க ஆள். ஒத்துக்கொள்ளாதது: மீறினால் அபராதம் போடலாமா என்பது.

இதற்கெல்லாம் சில வாக்கியங்கள் கையில் வேண்டும். பிள்ளைகளுக்குக் கருத்து இருக்கிறது, அதைச் சொல்ல மரியாதையான தமிழ் வாக்கியம் இல்லை. சுவரில் ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம்: ‘நீங்க சொன்னதுல இந்த இடம் எனக்குச் சரியாப் படுது. இந்த இடத்துல வேற மாதிரித் தோணுது.’ ‘இதை எங்க பாத்தீங்க?’ ‘எது தெரிஞ்சா உங்க எண்ணம் மாறும்?’ ‘நான் முதல்ல சொன்னதை மாத்திக்கிடுதேன்.’ கடைசி வாக்கியத்தை யாராவது சொன்னால் வகுப்பு கை தட்ட வேண்டும் என்று வைத்தேன். முதல் மூன்று மாதம் ஒருவரும் சொல்லவில்லை. முதலில் சொன்னவள் வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி. அவளைப் பேச வைத்தது எது என்று யோசித்தால், குறிப்பு எழுதும் நேரம்தான். சத்தமாகப் பேசுகிறவர்களுக்கு நடுவே அவளுக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் கிடைத்தது.

எல்லாமே விவாதத்துக்கு உரியதில்லை

இதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. நான் வேலை பார்ப்பது திருநெல்வேலி மாவட்டம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதையொட்டி அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக்கூடாது என்பது வரை பேசியது.

அந்தப் பிள்ளைகளுக்கு உரையாடல் பயிற்சி இல்லாததால்தான் அது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அநியாயம். அது சாதி. அதற்குச் சட்டம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும், வீட்டில் பெரியவர்கள் திருந்த வேண்டும். வெட்டுப்பட்டவனைப் பார்த்து ‘நீயும் மறுபக்கத்தைக் கேள்’ என்று எந்த ஆசிரியரும் சொல்லிவிடக்கூடாது.

வகுப்பறையில் அரசியல் விவாதங்களைப் பல வருஷம் ஆராய்ந்த டயானா ஹெஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு நல்ல பிரிவினை சொல்கிறார். இன்னும் முடிவாகாத கேள்விகள் ஒரு வகை, சமூகம் பேசி முடித்துவிட்ட கேள்விகள் இன்னொரு வகை. முதல் வகையைத்தான் இரு பக்கமாகப் பிரித்துப் பேசவேண்டும். தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்தாகிவிட்டது. அது பாவம், பெருங்குற்றம் என்று பாடப்புத்தகத்திலேயே அச்சிட்டுக் கொடுக்கிறோம். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சமமா என்பதற்கு இரண்டு பக்கம் கிடையாது. ‘சாதிக் கயிறு கட்டலாமா’ என்று நான் தலைப்பு வைப்பதில்லை. ‘கயிறு கட்டுகிற பழக்கத்தை நம் பள்ளியில் எப்படி நிறுத்துவது’ என்று வைக்கிறேன். முதல் தலைப்பில் ஒரு பிள்ளையின் மானம் பந்தயப் பொருளாகும். இரண்டாவதில் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வார்கள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். கலந்து உட்கார்ந்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லிப் பழகிய வகுப்பில், இடைவேளையில் நிற்கும் கூட்டங்களும் மெல்ல மாறுகின்றன. அதை என் கண்ணால் பார்க்கிறேன். அது மருந்து என்று சொல்லவில்லை. அது இல்லாமல் மருந்து வேலை செய்யாது என்று நினைக்கிறேன்.

திருநெல்வேலியில் காந்தி சொன்னது

பிள்ளைகளுக்கு நான் கடைசியாகச் சொல்லும் கதை 1934-ஆம் வருஷத்தது. ஜனவரி 15 அன்று பிகாரில் பெரிய பூகம்பம். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தென்னிந்தியாவில் இருந்தார். எங்கள் திருநெல்வேலியில் பேசும்போது, இந்தப் பூகம்பம் தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று தான் நம்புவதாகச் சொன்னார். தாகூருக்கு அது பெரும் வருத்தத்தைத் தந்தது. அவரும் தீண்டாமையை எதிர்த்தவர்தான். ஆனால் இயற்கையின் அழிவுக்குப் பாவத்தைக் காரணமாகக் காட்டுவது, பகுத்தறிவில்லாத நம்பிக்கைகளை வளர்க்கும் என்று கண்டித்து எழுதினார். காந்தி என்ன செய்தார் தெரியுமா? தாகூரின் மறுப்பைத் தன்னுடைய ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே வெளியிட்டார். தன் பதிலையும் எழுதினார். தன் கருத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, தாகூரும் விடவில்லை. இருவருக்கும் இடையிலிருந்த அன்பும் குறையவில்லை.

இதைக் கேட்டுவிட்டு வாலிபால் பையன்தான் சொன்னான்: “தாகூர் சொன்னதுதான் டீச்சர் சரி. ஆனா அதை எல்லாருக்கும் படிக்கக் கொடுத்தது காந்தி.” அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் வருஷம் முழுக்கப் பாடம் நடத்தியதாக நினைத்துக்கொண்டேன். ஒருவர் சொன்னது தவறு என்று சொல்லவும், அவர் செய்தது பெரிது என்று சொல்லவும் பதினாறு வயதில் அவனுக்கு முடிந்தது.

ஆசிரியர்களே, இதற்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டாம், நிதி வேண்டாம். மாதம் இரண்டு பீரியட் போதும். வகுப்பில் சத்தம் வரும், பக்கத்து வகுப்பிலிருந்து வந்து கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, உங்களுக்கு அந்த இரண்டு பீரியடும் வேண்டாம். இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் பிள்ளை உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லும். “எதிர்த்துப் பேசாதே” என்று வாயில் வரும். அதை விழுங்கிவிட்டு, “நீ சொல்வது இதுதானே?” என்று கேளுங்கள். பிள்ளை இல்லை என்று சொன்னால் இன்னொரு முறை முயலுங்கள். “ஆமா, அதைத்தான் சொன்னேன்” என்று பிள்ளை சொல்லும்வரை உங்கள் பதில் காத்திருக்கட்டும்.